ஓபன் மைக்கிலிருந்து டிவி மேடை வரை: சின்ன ஊர் நகைச்சுவையாளருக்கு ஒரு விரிவான பதில்

கேள்வி இதுதான்: "தருமபுரிப் பக்கம் ஒரு சின்ன ஊர். பெங்களூரில் ஐ.டி. வேலை. ஒரு வருடமாக ஓபன் மைக்கில் (யார் வேண்டுமானாலும் ஏறிப் பேசிப் பார்க்கும் மேடை) தமிழில் ஸ்டாண்ட்-அப் செய்கிறேன், நல்ல ஐந்து நிமிடம் கையில் இருக்கிறது. சின்ன ஊரிலிருந்து போய் டிவியில் ஜெயித்தவர்கள் எதைச் சரியாகச் செய்தார்கள்? நான் இப்போதே ஆடிஷனுக்குப் போகலாமா?"

இப்போது போகவேண்டாம். அந்த ஐந்து நிமிடம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் சரி. ஆடிஷனில் உட்கார்ந்திருப்பவர், இந்த ஆள் அடுத்த வாரமும் அதற்கடுத்த வாரமும் புதிதாக ஐந்து நிமிடம் கொண்டுவருவாரா என்றுதான் பார்க்கிறார். ஒரு போட்டி நிகழ்ச்சியில் பத்துச் சுற்று தாண்டவேண்டும் என்றால் ஐம்பது நிமிட மெட்டீரியல் வேண்டும். வாரத்துக்கு இரண்டு மூன்று மைக் ஏறுகிறவருக்கு, கைவிடாத ஐந்து நிமிடம் ஒன்று தேற ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். அப்படியானால் ஒரு வருட உழைப்பு அரை மணி நேரத்துக்குச் சற்று மேல்தான் தரும். அந்த அரை மணி நேரம் கையில் இருக்கும்போது போனால் முதல் ஆறு சுற்றுக்குக் கவலை இல்லை. அந்த ஆறு வாரத்தில் இன்னொரு ஐந்து நிமிடமும் தேறலாம். வெறும் ஐந்து நிமிடத்தோடு போனவர் இரண்டாவது சுற்றில், மேடையில் ஒருமுறைகூடச் சொல்லிப் பார்க்காத ஜோக்கை லட்சக்கணக்கானோர் பார்க்கும் இடத்தில் முதல்முறையாகச் சொல்கிறார். பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடுகிறது.

மேலே வந்தவர்களின் பழைய கணக்கைப் பாருங்கள். 2005-இல் மும்பையிலிருந்து ஸ்டார் ஒன் சேனலில் 'தி கிரேட் இந்தியன் லாஃப்டர் சேலஞ்ச்' வந்தது. கான்பூர்க்காரரான ராஜு ஸ்ரீவாஸ்தவை நாடு முழுக்க அறிந்தது அதில்தான். ஆனால் அவர் 80களிலேயே மும்பை வந்துவிட்டவர். சின்னச் சின்ன சினிமா வேடம், மேடை நிகழ்ச்சி என்று ஏறக்குறைய இருபது வருடம் சேர்த்த சரக்கோடு உள்ளே போனார். அந்த முதல் சீசனின் பட்டம் அவருக்குக் கிடைக்கவில்லை, மகாராஷ்டிராவின் ஹிங்கண்காட் என்ற சின்ன ஊரிலிருந்து வந்த சுனில் பாலுக்குக் கிடைத்தது. ஆனாலும் 2022-இல் இறக்கும்வரை ராஜுவுக்கு மேடை குறையவில்லை. காரணம், அவரிடம் கஜோதர் என்ற கிராமத்து மனிதர் இருந்தார். அந்த ஆளைக் கல்யாண வீட்டுக்கு அனுப்பினால் ஒரு செட் (மேடையில் ஒருமுறை ஏறிச் சொல்லும் ஜோக்குகளின் தொகுப்பு), ரயிலில் ஏற்றினால் இன்னொரு செட். தனித்தனி ஜோக் எழுதுகிறவர் ஒவ்வொரு வாரமும் பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கவேண்டும். ஒரு பாத்திரம் கையில் இருப்பவருக்குப் பாதி வேலை முடிந்திருக்கும்.

அமிர்தசரஸிலிருந்து வந்த கபில் சர்மா அதே போட்டியில் 2007-இல் பட்டம் வென்றார். 2013-இல் தன் பெயரிலேயே நிகழ்ச்சி தொடங்கியபோது அவர் போட்டியாளர் என்ற நிலையிலிருந்து நிகழ்ச்சியை நடத்துகிறவர் என்ற நிலைக்கு மாறியிருந்தார். நம் பக்கம் சிவகார்த்திகேயன் போன பாதையும் இதுதான்: திருச்சியில் பொறியியல் படிக்கும்போதே மிமிக்ரி, பிறகு விஜய் டிவியின் 'கலக்கப்போவது யாரு' பட்டம், பிறகு 'அது இது எது' தொகுப்பாளர், 2012-இல் சினிமா. நடுவில் இருக்கும் தொகுப்பாளர் கட்டத்தை எல்லோரும் தாண்டிப் பேசிவிடுகிறார்கள். என் பார்வையில் அதுதான் முக்கியமான படி. போட்டியாளருக்கு வாரத்துக்கு ஐந்து நிமிடம் எழுதித் தீர்ந்துபோகும். தொகுப்பாளருக்கு எதிரில் நிற்பவர் சொல்வதே மெட்டீரியல். ஆகவே கவுண்டர் கொடுக்கும் பழக்கத்தை இப்போதே வளர்த்துக்கொள்ளுங்கள். வாரத்தில் ஒரு மைக்கில் முதல் ஒரு நிமிடத்தை முன்வரிசையோடு பேசுவதற்கென்றே ஒதுக்குங்கள். காரைக்காலிலிருந்து வந்த 'கலக்கப்போவது யாரு' பாலா பெயர் வாங்கியது பெரும்பாலும் இந்த உடனடிப் பதில் வேகத்தால்தான்.

இனி பெங்களூருக்கு வருவோம். இந்த ஊரில் தமிழ் நகைச்சுவைக்கு இரண்டு வகையான கூட்டம் இருக்கிறது. கோரமங்களா, இந்திராநகர், எச்.எஸ்.ஆர். லேஅவுட் பக்கத்து கஃபே மாடியில் முப்பது நாற்பது நாற்காலி, இருட்டு, எல்லோரும் 22 முதல் 35 வயது, முக்கால்வாசிப் பேர் சேலம், கோவை, மதுரை, வேலூரிலிருந்து வேலைக்கு வந்தவர்கள். அங்கே அப்ரைசல், ஸ்பிரிண்ட், மேனேஜர், பி.ஜி. சாப்பாடு, சில்க் போர்டு சிக்னல் எல்லாம் எடுபடும். டிவி பார்ப்பவருக்கு இதில் பாதி ஒன்றும் புரியாது. இரவு சாப்பாட்டு நேரத்தில் பாட்டி, பேரன், மருமகள் சேர்ந்து பார்க்கும் வீட்டில் 'ஸ்பிரிண்ட்' என்றால் அமைதிதான் மிஞ்சும். நீங்கள் சொல்லும் அந்த நல்ல ஐந்து நிமிடத்தில் எத்தனை சிரிப்பு ஆங்கில அலுவலக வார்த்தையால் வருகிறது என்று இன்றே எண்ணிப் பாருங்கள். அவற்றை எடுத்துவிட்ட பிறகு மிஞ்சுவதே உங்கள் டிவி மெட்டீரியல்.

இரண்டாவது கூட்டம் அல்சூர், சிவாஜிநகர், ஸ்ரீராம்புரம், மர்பி டவுன் பக்கம் தலைமுறை தலைமுறையாக இருக்கும் தமிழர்கள். அல்சூர் ஏரி அருகே 1950-இல் தொடங்கிய பெங்களூருத் தமிழ்ச் சங்கம் இருக்கிறது. கோயில் திருவிழா, தெருச் சங்க ஆண்டு விழா, ஒயிட்ஃபீல்டு, எலக்ட்ரானிக் சிட்டி அடுக்குமாடிகளின் பொங்கல் விழா எல்லாம் சேர்ந்து ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை மேடைக்குப் பஞ்சமில்லை. அந்த மேடைகள் கஷ்டமானவை. விளக்கு அணைக்கமாட்டார்கள், குழந்தைகள் முன்னால் ஓடும், பக்கத்தில் சாப்பாட்டுப் பந்தி தொடங்கியிருக்கும், மைக் கரகரக்கும். ஆனால் டிவியின் கூட்டத்துக்கு மிக அருகில் இருப்பது இதுதான். கஃபேயில் பத்துக்கு எட்டு எடுபட்டு இங்கே மூன்றுதான் எடுபட்டது என்றால், டிவிக்கு அந்த மூன்றையே எடுத்துப் போங்கள்.

இந்த விழாக்களில் ஏற ஒத்துக்கொள்ளும்போது மூன்று விஷயம் முன்கூட்டியே பேசிவிடவேண்டும். சாப்பாட்டுக்கு முன்னால் நேரம் வேண்டும். பந்தி திறந்த பிறகு யாரும் கேட்கமாட்டார்கள். நாற்காலி மேடைக்கு ஆறு ஏழு அடிக்குள் தொடங்கவேண்டும். நடுவில் நடன நிகழ்ச்சிக்கு விட்ட காலி இடம் இருந்தால் சிரிப்பு அந்தப் பள்ளத்தில் விழுந்துவிடும். கையில் பிடிக்கும் மைக் வேண்டும். மேசை மைக்கோ போடியமோ ஆகாது. 15 நிமிடத்துக்கு மேல் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

எழுதுவது பற்றி ஒன்றிரண்டு நுட்பம். நிதானமாகப் பேசும் தமிழ் மேடையில், சிரிப்புக்கு விடும் இடைவெளி சேர்த்து, ஐந்து நிமிடத்துக்கு 450 முதல் 500 சொல் போதும். ஆரம்பத்தில் எல்லோரும் 700 சொல் எழுதிவந்து கடைசி நிமிடத்தில் ஓடுகிறார்கள். ஒவ்வொரு செட்டையும் போனில் பதிவு செய்து, மறுநாள் காலையில் சொல் சொல்லாக எழுதி, சிரிப்பு வந்த இடத்தில் கோடு போடுங்கள். நிமிடத்துக்கு நான்கு கோடு விழுந்தால் நல்ல செட். 40 நொடிக்குக் கோடே இல்லாத பகுதி இருந்தால், அது எவ்வளவு பிடித்திருந்தாலும் பாதியாக வெட்டுங்கள்.

தமிழில் வினை கடைசியில் வருவதால் நம் ஜோக்குகளுக்குத் தனியாக ஒரு சிக்கல் உண்டு. சிரிப்பைத் திறக்கும் சொல் வாக்கியத்தின் நடுவில் மாட்டிக்கொள்ளும். அதன்பின் 'உக்காந்துட்டு இருக்காரு' என்று இரண்டு சொல் இழுக்கும். கூட்டம் சிரிக்கத் தொடங்கும்போது நீங்கள் இன்னும் பேசிக்கொண்டிருப்பீர்கள். உதாரணம்: "எங்க ஊர்ல பஸ் வசதி கம்மி, கண்டக்டருக்கு எல்லாரையும் தெரியும்" என்பது வெறும் தகவல். அதையே இப்படிப் பாருங்கள்: "எங்க ஊருக்கு ஒரே டவுன் பஸ். ஸ்கூலை கட் அடிச்சிட்டு ஏறினேன். கண்டக்டர் டிக்கெட் கிழிக்கல. விசில எடுத்தாரு, பஸ்ஸ நிறுத்தினாரு, கேட்டாரு: முன்னாடி சீட்ல யாரு தெரியுதா? உங்கப்பா!" கடைசிச் சொல் 'உங்கப்பா'. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. சிரிப்பு இறங்கும்போது ஒட்டவேண்டிய வால்: "அப்பா திரும்பிப் பாத்தாரு. எனக்கும் சேத்து அவனையே எடுக்கச் சொல்லுன்னாரு." முதல் சிரிப்புக்கு ஆன உழைப்பு இருபத்திரண்டு சொல், இரண்டாவதற்கு எட்டுச் சொல். இப்படி வால் ஒட்டக் கற்றவருக்குத்தான் நிமிடத்துக்கு நான்கு சிரிப்பு வரும்.

சின்ன ஊர்க்காரருக்கு இருக்கும் பலமும் இந்த உதாரணத்திலேயே தெரியும். அந்த பஸ், அந்தக் கண்டக்டர், அப்பா எந்த சீட்டில் உட்காருவார் என்பது, இதெல்லாம் பெருநகரத்தில் வளர்ந்தவரால் கற்பனை செய்ய முடியாத விவரம். பாதிப் பேர் பெங்களூர் வந்த ஆறு மாதத்தில் இதை விட்டுவிட்டு, எல்லோரும் பேசும் டிராஃபிக்கைப் பேசத் தொடங்குகிறார்கள். ஊருக்குப் போகும்போது நோட்டுப் புத்தகம் கொண்டுபோங்கள். உங்கள் ஊர்ப் பேச்சையும் மாற்றவேண்டாம். டிவிக்காரர்கள் அதைத்தான் தேடுகிறார்கள். வெளியூர்க்காரருக்குப் புரியாத சொல் இருந்தால் முதல்முறை வரும்போது சைகையால் காட்டிவிட்டால் போதும்.

தமிழ் டிவியில் தனி ஸ்டாண்ட்-அப்புக்குக் கிடைக்கும் இடம் குறைவு என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். மிமிக்ரி, பாட்டின் வரியை மாற்றிக் கேலியாகப் பாடுவது, கெட்டப், இருவராகச் செய்யும் ஸ்கிட் என்று கலந்துதான் கேட்பார்கள். இரண்டாவது வித்தை ஒன்று வேண்டும். மிமிக்ரி வராது என்றால் கட்டாயப்படுத்திக்கொள்ளவேண்டாம். உடல்மொழியில் ஒரு கண்டக்டரையோ ரேஷன் கடைக்காரரையோ முழுசாக நிறுத்தத் தெரிந்தாலே போதும். தனியாக நின்று பேசும் ஸ்டாண்ட்-அப்தான் செய்வேன் என்றால் ஓ.டி.டி. பக்கம் பாருங்கள். 2020-இல் அமேசான் பிரைமில் வந்த 'காமிக்ஸ்தான் செம காமெடி பா' இளம் தமிழ் நகைச்சுவையாளர்களுக்கென்றே நடந்த போட்டி. நடுவர்களில் ஒருவரான பிரவீன் குமார் பெங்களூர் மேடைகளில் வளர்ந்தவர். சென்னையில் இருந்தால்தான் முடியும் என்பது இல்லை.

ஆடிஷன் வீடியோ: போனைப் படுக்கைவாக்கில் ஸ்டாண்டில் வைத்து, இடுப்புக்கு மேல் தெரியும்படி, வெட்டு ஒட்டு இல்லாமல் இரண்டு நிமிடம். அறையில் தனியாகப் பேசி எடுத்ததை அனுப்பாதீர்கள். உண்மையான கூட்டத்தின் சிரிப்பு கேட்கவேண்டும். முதல் சிரிப்பு 15 நொடிக்குள் வரவேண்டும். பெயர், ஊர், வேலை என்று அரை நிமிடம் போனால் பார்ப்பவர் அடுத்த வீடியோவுக்குப் போய்விடுவார். உங்கள் மிகச் சிறந்த துண்டை வீடியோவில் வைக்காதீர்கள், இரண்டாவது சிறந்ததை வையுங்கள். நேரில் கூப்பிட்டால் 'இதைவிட வேறு இருக்கிறதா' என்றுதான் முதலில் கேட்பார்கள். ஆடிஷனுக்கு, பதிவுக் கட்டணத்துக்கு, போர்ட்ஃபோலியோவுக்கு என்று யார் பணம் கேட்டாலும் அது மோசடி. சேனல்கள் போட்டியாளரிடம் பணம் வாங்குவதில்லை.

தேர்வானால் ஷூட்டிங் சென்னையில் இருக்கும். காலை ஏழு, எட்டு மணிக்கு வரச்சொல்வார்கள். உங்கள் முறை இரவு பத்துக்கும் வரலாம், ஏனென்றால் ஒரே நாளில் இரண்டு எபிசோடு எடுப்பது வழக்கம். முந்தின இரவே ரயிலேறிவிடுங்கள். 360 கிலோமீட்டர் தூரத்தை அன்று காலையில் பஸ்ஸில் வந்து தொண்டையைக் கெடுத்துக்கொண்டவர்கள் நிறைய. காத்திருக்கும்போது முழுக் குரலில் ஒத்திகை பார்க்காதீர்கள். மெல்லிய கோடு, பொடிக்கட்டம் போட்ட சட்டை கேமராவில் அலையடிக்கும். பளிச்சென்ற வெள்ளை முகத்தைக் கறுக்கவைக்கும். கம்பெனி லோகோவை மங்கலாக்கிவிடுவார்கள். நீலம், மெரூன் மாதிரி ஒற்றை நிறச் சட்டை இரண்டு எடுத்துப் போங்கள்.

மேடையில் பழகியது பல இங்கே மாறும். காலர் மைக் மாட்டினால், கையிலிருக்கும் மைக்கை வாய்க்கு ஒட்டிவைத்து எழுப்பும் பஸ் சத்தம், விசில் சத்தம் வராது. சத்தம் தேவைப்படும் செட் என்றால் கை மைக் வேண்டும் என்று காலையிலேயே ஒலிப்பதிவாளரிடம் சொல்லிவிடுங்கள். கை மைக்கின் வலைத் தலையைப் பொத்திப் பிடிக்காதீர்கள், குரல் டப்பாவுக்குள் போன மாதிரி இருக்கும். தரையில் ஒட்டியிருக்கும் டேப் குறியைத் தாண்டி நடக்காதீர்கள். விளக்கு அந்த இடத்துக்குத்தான் வைத்திருக்கிறார்கள். கேமராவைத் தேடாதீர்கள், நடுவரையும் கூட்டத்தையும் பார்த்துப் பேசினால் கேமரா உங்களைத் தேடிவரும். கூட்டம் காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறது, களைத்திருக்கும். கைகாட்டினால் கைதட்டப் பழகியிருக்கும். அந்தக் கைதட்டலை நம்பி வேகத்தைக் கூட்டவேண்டாம். வீட்டில் வைத்துப் பழகிய இடைவெளியை அப்படியே விடுங்கள்.

எடிட்டிங்தான் பலரும் எதிர்பாராத அடி. நீங்கள் செய்த ஆறு நிமிடம் ஒளிபரப்பில் மூன்றரை நிமிடமாகும்; நடுவர்கள் சிரிக்கும் காட்சி நடுவில் ஒட்டப்படும். முதல் நிமிடத்தில் விதைத்து ஐந்தாம் நிமிடத்தில் அறுவடை செய்யும் கால்பேக் இதில் செத்துவிடும். விதை வெட்டப்பட்டால், வீட்டில் பார்ப்பவருக்கு நீங்கள் சம்பந்தமில்லாமல் ஏதோ சொன்ன மாதிரி தெரியும். கஃபே மேடையில் அதிகம் கைதட்டல் வாங்குவது கால்பேக்தான் என்பதால் இதை விட மனம் வராது. ஆனாலும் டிவிக்கு ஒவ்வொரு துண்டும் ஒன்றரை நிமிடத்தில் தானே தொடங்கித் தானே முடியவேண்டும்.

எதைப் பேசக்கூடாது என்பதற்குச் சேனல் ஒரு பட்டியல் தரும்: பிராண்ட் பெயர், சாதி, மதம், நிஜ அரசியல்வாதிகள். 1994-ஆம் ஆண்டு கேபிள் டிவி விதிகளில் உள்ள நிகழ்ச்சி நெறிமுறை, ஒரு மொழியினரையோ வட்டாரத்தாரையோ இழிவாகக் காட்டுவதைத் தடுக்கிறது. பெங்களூரிலிருந்து போகிறவருக்கு இது முக்கியம். கன்னடம் தெரியாமல் ஆட்டோவில் நீங்கள் பட்ட பாட்டைச் சொல்லலாம், சிரிப்பு உங்கள் மேல் விழுகிறது. கன்னடம் பேசுகிறவரைக் கேலி செய்வது வேறு. காவிரியைத் தொடவே தொடாதீர்கள். வெட்டி எடுத்த இருபது நொடி கிளிப் இரண்டு மாநிலத்திலும் ஓடும், நீங்கள் வாழ்வது இந்த ஊரில். உடல் எடை, நிறம், ஆண் பெண் வேடம் போட்டு வரும் கேலி ஆகியவற்றை வைத்துத் தமிழ் டிவி பல வருடம் ஓட்டியது. அவற்றைச் செய்யவேண்டாம் என்று அழுத்திச் சொல்கிறேன். பார்க்கும் வீட்டில் அதே உடலோடு ஒரு குழந்தை உட்கார்ந்திருக்கும், மறுநாள் பள்ளியில் அந்த வரியை அதன்மேல் சொல்வார்கள்.

ஒப்பந்தத்தில் மூன்று இடத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். எத்தனை மாதம் வேறு சேனலுக்குப் போகக்கூடாது. ஒளிபரப்பான செட்டை மேடையில் நீங்கள் மறுபடி செய்யலாமா. அந்தக் கிளிப்பை உங்கள் யூடியூப் பக்கத்தில் போடலாமா. மூன்றாவதற்குப் பெரும்பாலும் 'கூடாது' என்றே இருக்கும். மீறினால் உங்கள் சேனலுக்கே காப்பிரைட் ஸ்டிரைக் வரும். இரண்டாவதற்கு மட்டும் எழுத்தில் அனுமதி கேட்டு வாங்குங்கள், கேட்டால் பல தடவை கிடைக்கிறது. ஆரம்பச் சுற்றுகளில் சம்பளம் சிறியது, பயணச் செலவு மட்டும் தருவதும் உண்டு. வரும் தொகையும் ஒளிபரப்பாகி இரண்டு மூன்று மாதம் கழித்து, பொதுவாக 10 சதவீத வரி பிடித்தம் போகத்தான் வரும். ஐ.டி. வேலையை இப்போது விடவேண்டாம். ஆனால் உங்கள் நியமன ஆணையில் வெளிவேலை பற்றிய விதி இருக்கும். ஒளிபரப்புக்கு முன்பே மனிதவளத் துறையிடம் மின்னஞ்சலில் அனுமதி வாங்கிவிடுங்கள். டிவியில் முகம் தெரிந்த பிறகு கேட்பது தாமதம்.

உண்மையான வருமானம் டிவிக்கு வெளியே இருக்கிறது: கல்லூரி விழா, கோயில் திருவிழா, கம்பெனி குடும்ப நாள், வெளிநாட்டுத் தமிழ்ச் சங்கங்கள். அந்த அழைப்புகள் நீங்கள் திரையில் இருக்கும் சில மாதங்களில்தான் குவியும். கேட்பது 45 நிமிட நிகழ்ச்சி. டிவியில் ஜெயித்தும் மேடையில் காணாமல் போனவர்களில் பலருக்கு இந்த 45 நிமிடம் இல்லை. டிவியில் வந்ததையே சொல்ல, கூட்டம் அடுத்த வரியை முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. அதனால் நான் முதலில் சொன்ன அரை மணி நேரம் போக, இன்னும் பத்து நிமிடத்தை டிவிக்குக் கொடுக்காமல் வைத்துக்கொள்ளுங்கள், மேடைக்கு மட்டும்.

அந்தப் பத்து நிமிடத்தைப் பழக்கவும் நல்ல இடம் உங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கிருஷ்ணகிரியும் தருமபுரியும் பெங்களூரிலிருந்து இரண்டு மூன்று மணி நேரம்தான். அங்கே கல்லூரிகளின் ஆண்டு விழாக்கள் பிப்ரவரி, மார்ச்சில் வரும், தமிழ் மன்றப் பொறுப்பாசிரியரிடம் டிசம்பரிலேயே பேசவேண்டும். சம்பளம் பெரிதாக இருக்காது. போக்குவரத்துச் செலவையும் பாதி முன்பணத்தையும் மட்டும் உறுதி செய்துகொண்டு ஒத்துக்கொள்ளுங்கள்.